வழுக்காத தரை தேடியவர்

சலூன்காரர் தன் மனைவியின் செருப்பை மாட்டிக்கொண்டு டைல்ஸ் கடைக்குள் நுழைந்தார். ஒரு கையில் சோப்புத் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் தரை துடைக்கிற துணி. பாதத்தில் பாதிதான் செருப்புக்குள் அடங்கியிருந்தது. குதிகால் இரண்டும் பின்பக்கம் அநாதையாக வெளியே நின்றன. வணக்கம் சொல்ல வாயெடுத்த விற்பனையாளர், அந்தக் குதிகால்களையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"கார் ஷெட்டுக்குத் தரை பாக்கணும். வழுக்காததா காட்டுங்க" என்றார் சலூன்காரர், செருப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல்.

அவருக்குப் பைத்தியம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அந்த வாரம் கடைவீதியில் பாதிப் பேர் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேருக்கு இன்னும் விஷயம் எட்டவில்லை, அவ்வளவுதான்.

வீடு இருக்கிற தெருவின் முனையில் அவர் சலூன். இரண்டு நாற்காலிகள். ஒன்று முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களுக்கு, இன்னொன்று சும்மா பேச வருகிறவர்களுக்கு. இரண்டாவதுதான் எப்போதும் நிரம்பியிருக்கும். கண்ணாடியை மணிக்கொரு தரம் துடைப்பார். கத்தரிக்கோல் பளபளக்க வேண்டும், குழாய் பளபளக்க வேண்டும், வெளியே போகிற ஆளின் பின்னங்கழுத்துகூடப் பளபளக்க வேண்டும். பளபளப்பைக் கண்டால் அவருக்குத் தலைகால் புரியாது. மற்றபடி தங்கமான மனுஷன்.

அவர் மனைவி பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லித் தருகிறவர். அந்த வட்டாரத்தில் ஸ்கூட்டரில் போகிற பெண்களில் முக்கால்வாசிப் பேர், பின் சீட்டில் அவரை உட்காரவைத்துக்கொண்டு, காது கிழியத் திட்டு வாங்கி, ஓட்டப் பழகியவர்கள்தான். ஊருக்கே அவர் ஸ்கூட்டர் டீச்சர். நாளாக நாளாகப் புருஷனும் "டீச்சர்" என்றே கூப்பிடப் பழகிவிட்டார். புருஷனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கட்டின மனைவியிடம் வீட்டில் வாங்குகிற திட்டே போதும், தெருவிலும் வாங்க வேண்டாம் என்று கற்றுக்கொள்ளவே இல்லை. நடக்கிற தூரம்தான் என்றாலும், காலையில் டீச்சர் பின்னால் உட்கார்ந்து சலூனுக்குப் போவதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

வீடு கட்டும்போது கார் ஷெட் ஒன்றும் கூடவே வந்தது. கார் கிடையாது, இனிமேல் வாங்குகிற உத்தேசமும் கிடையாது. வரிசையில் எல்லா வீட்டுக்கும் இருக்கிறது, இவர்களுக்கும் இருக்கட்டும் என்று கட்டியதுதான். டீச்சருக்கு அது வசதியாகப் போனது. முதல் பாடம் அங்கேதான். ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்குவது, பிடித்துக்கொண்டு நாலடி நடப்பது, மறுபடி ஸ்டாண்டில் ஏற்றுவது. வேடிக்கை பார்க்கத் தெருவில் ஆளில்லாத இடத்தில் பயம் பாதி தெளிந்துவிடும்.

"ஷெட்டுக்கு மட்டும் சொரசொரப்பா சிமெண்ட் போடச் சொல்லுங்க, அது போதும்" என்று அப்போதே டீச்சர் சொன்னார்.

யார் காதில் விழுந்தது? ஹாலுக்குப் போட்ட அதே டைல்ஸ், கிரீம் கலர், கண்ணாடிபோல் மினுமினுக்கிற ஜாதி, கார் ஷெட்டுக்கும் போயிற்று. அதைச் சலூன்காரர் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். விருந்தாளி வந்தால் ஹாலுக்கு அழைத்துப் போவதற்கு முன்னால் ஷெட்டுக்குத்தான் அழைத்துப் போவார். "குனிஞ்சு பாருங்க, முகம் தெரியும்!" என்பார். வந்தவர்களும் பாவம், பையும் கையுமாகக் குனிந்து பார்ப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு நுரை டைல்ஸில் வழிந்திருந்தது. துணியை எடுக்கத் திரும்பியவர் சறுக்கி விழுந்தார். வலது கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த சலூன்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நிலையிலும் டீச்சர்தான், "மொதல்ல குழாய மூடுங்க, தண்ணி போகுது" என்றார்.

மாவுக்கட்டு போட்டார்கள். கட்டு இருந்தவரை சமையல், துணி, பாத்திரம் எல்லாம் சலூன்காரர் பார்த்துக்கொண்டார். அதெல்லாம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. டீச்சர் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் அவரைத் தின்றது. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு அரை நாள் திட்டுகிற மனுஷி. காலை உடைத்த தரையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. 'நான் சொன்னேனே, கேட்டீங்களா' என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

கட்டுப் பிரித்த பிறகும் விஷயம் நேராகவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தார். மாடிப்படி ஏறினார், மார்க்கெட் போனார், தெருக்கோடி வரை போய் வம்பளந்துவிட்டு வந்தார். ஷெட் பக்கம் மட்டும் போகவில்லை.

"வண்டிய வெளிய எடுத்து வெக்கட்டுமா டீச்சர்?"

"அப்புறம் பாக்கலாம்."

இந்த 'அப்புறம்' நீண்டுகொண்டே போனது. பாதியில் நின்ற மாணவிகளோ நச்சரித்தார்கள். அடுத்த தெருத் தையல்காரி பாடு ரொம்ப மோசம். நேராக ஓட்டக் கற்றுக்கொண்டாயிற்று, திரும்புவதற்குள் டீச்சர் விழுந்துவிட்டார். அதனால் அந்த அம்மாள் நேராகப் போவார், தெருமுனையில் இறங்குவார், வண்டியைக் கையால் தூக்கித் திருப்பி வைப்பார், மறுபடி ஏறி நேராகப் போவார். சலூனில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. சலூன்காரருக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் குத்தும். தன் டீச்சர் இனி வண்டியில் ஏறவே மாட்டாளோ என்று பயந்தார்.

தரைதான் காரணம். தரையை மாற்றினால் பயம் போய்விடும். இதுதான் அவர் கண்ட முடிவு. நல்ல முடிவுதான், ஆனால் அதைச் சலூனில் வைத்துச் சத்தமாகச் சொல்லிவிட்டார். கேட்க வேண்டுமா? நாற்காலியில் கழுத்து வரை துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவன் ஒவ்வொருவனும் அன்றிலிருந்து தரை நிபுணனாகிவிட்டான். வங்கிக் காசாளர் ரப்பர் விரிப்பு என்றார். மருந்துக்கடைக்காரர் எபாக்ஸிப் பூச்சுதான் இப்போது எல்லாரும் போடுகிறார்கள் என்றார். டாக்ஸி ஓட்டுகிறவர், "எதுக்குண்ணே இவ்வளவு? மண்ணக் கொட்டி விடுங்க, விழுந்தாலும் வலிக்காது" என்றார். அவருக்கு அன்று கிருதா ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் போனது, தற்செயலாக இருக்கலாம்.

யார் பேச்சையும் நம்புவதில்லை, நேரில் சோதித்துப் பார்த்துவிடுவது என்று சலூன்காரர் தீர்மானித்தார். எதில் டீச்சர் வழுக்கினாரோ அதிலேயே சோதிக்க வேண்டும். அதற்குத்தான் அந்தச் செருப்பு. விழுந்த அன்றைக்கு டீச்சர் காலில் இருந்தது அதுதான்.

முதல் கடையில் எபாக்ஸி. தரையோடு தரையாக ஊற்றிக் காயவைத்த பளபளப்பான பூச்சு, அதில் பலநிறப் பொட்டுகள் தூவியிருந்தன. பார்த்தவுடன் மனசு போய் ஒட்டிக்கொண்டது. 'புத்தி, புத்தி' என்று தன்னையே அதட்டிவிட்டுச் சோப்புத் தண்ணீரை ஊற்றி மேலே காலை வைத்தார். கடையின் இந்தக் கோடியில் கால் வைத்தவர் அந்தக் கோடியில் வாஷ்பேசின்களுக்கு நடுவில் போய் நின்றார். நல்லவேளை, ஒன்றும் உடையவில்லை.

அடுத்த கடையில் ஒன்றோடொன்று கோத்து மாட்டுகிற பிளாஸ்டிக் பலகைகள். அதிலும் விழுந்தார். ரப்பர் விரிப்பில் விழவில்லை, ஆனால் ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் போய், இரண்டு பேர் வந்து தூக்கிவிடும்படி ஆயிற்று. மூன்றாவது கடையில் பார்க்கிங் டைல்ஸ். புடைப்புப் புடைப்பாக, அரம்போல் சொரசொரவென்று இருக்கும். "இதுல வழுக்குனா நான் கடைய மூடிடறேன்" என்றார் அங்கிருந்தவர். சலூன்காரர் வழுக்கினார். கடையை அவர் மூடவில்லை.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் டீச்சர், "என்ன நொண்டறீங்க?" என்பார். "நின்னு நின்னு வேல செய்யறேன்ல" என்று சமாளிப்பார். டீச்சர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தைலத்தை எடுத்துக் கொடுப்பார்.

கடைசியாகப் பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடை. முதலாளி அவருடைய வாடிக்கைக்காரர்தான், ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். தலையில் அவ்வளவுதான் வேலை. காதோரம் மட்டும் ஒரு கீற்று முடி, மற்றதெல்லாம் சுத்தமான சொட்டை. அவர் இருப்பதிலேயே முரடான கருங்கல் பலகையை எடுத்துப் போட்டார். சலூன்காரர் சோப்புத் தண்ணீரை ஊற்றினார், ஏறினார், மல்லாந்தார். இந்தத் தடவை எழுந்திருக்க முயற்சிகூடப் பண்ணவில்லை. இரண்டு காலும் மேலே தூக்கியபடி கிடந்து, உலகத்தில் தன் மனைவி வழுக்காத தரை என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அழுகிற குரலில் சொன்னார்.

முதலாளி மேஜைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு நேராகச் செருப்பின் அடிப்பக்கம்.

"அடப் போங்க சார். இதுல என்ன இருக்கு? கோடு, வரி ஒண்ணையும் காணோமே. என் தலையே பரவாயில்ல, ஓரத்துலயாவது கொஞ்சம் மிச்சம் இருக்கு!"

சலூன்காரர் செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். மொழுக்கென்று இருந்தது. காலமெல்லாம் சொட்டை பார்த்துத் தொழில் செய்கிற மனுஷன், ஒரு வாரமாகக் காலில் போட்டுக்கொண்டு அலைந்த சொட்டையைப் பார்க்கவில்லை. முகத்தில் அசடு வழிந்தது. கடையிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்தார்.

அடி ஏன் அப்படித் தேய்ந்தது என்று யோசிக்கத் தேவையே இல்லை. எத்தனை தடவை பார்த்திருக்கிறார்! முன்னால் இருக்கிற பெண் பயந்துபோய் பிரேக்கை மறந்துவிடுவாள். பின்னால் இருக்கிற டீச்சர், "நான் இருக்கேன், பயப்படாத" என்று கத்திக்கொண்டே இரண்டு காலையும் தார் ரோட்டில் ஊன்றித் தேய்த்து வண்டியை நிறுத்துவார். ஊர்ப் பெண்களின் பயமெல்லாம் அந்தச் செருப்பில்தான் தேய்ந்திருந்தது.

வீட்டுக்கு ஓடினார். தரை மேல் மட்டும் தப்பில்லை என்று தெரிந்த சந்தோஷம் ஒரு பக்கம், இதைக் கேட்டால் டீச்சருக்கும் தைரியம் வந்துவிடும் என்கிற ஆசை ஒரு பக்கம். மூச்சு வாங்கச் செருப்பைத் தூக்கிக் காட்டினார்.

"டீச்சர், இதப் பாரு! அடி முழுசா தேஞ்சு போச்சு. இத மாட்டிக்கிட்டு எந்தத் தரையில நின்னாலும் விழத்தான் செய்வோம்!"

டீச்சர் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. பருப்புச் சட்டியை மூடிவைத்துவிட்டு, "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"விழும்போதே தெரியும். புதுசு வாங்கணும் வாங்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல? நான் இங்க குத்த உணர்ச்சியில செத்துக்கிட்டு இருக்கேன், ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க தினமும் டீ போட்டு படுக்கைக்கே கொண்டு வந்தீங்க. அதக் கெடுப்பானேன்னு பாத்தேன்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அன்னிக்கே புதுச் செருப்பு வாங்கிக் குடுத்து, இந்தா வண்டிய எடுன்னிருப்பீங்க. எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க தரை மேல பழியப் போட்டுக்கிட்டிருந்தா, தரை மாறுற வரைக்கும் ஏற வேண்டாம்ல? ஊருக்கெல்லாம் பயப்படாதன்னு சொல்றவ, எனக்கே பயம்னு எப்படிச் சொல்றது?"

பயப்படாதே என்று சொல்லவும் சலூன்காரருக்கு வெட்கமாக இருந்தது, தானோ வண்டியில் ஒரு நாளும் கைவைக்காத ஆள். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "சரி, ஏற வேண்டாம். ஆனா தரைய மாத்தத்தான் போறேன். உனக்கு என்ன தரை வேணும்?" என்று கேட்டார்.

டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "இதத்தான் வீடு கட்டறப்போ கேட்டிருக்கணும். இப்பவாவது கேட்டீங்களே."

"சொல்லு. இந்தத் தடவ மறுபேச்சு கெடையாது."

"வெறும் சிமெண்ட். ஈரத்துல வெளக்குமாத்தால இழுத்துவிட்ட கோடு. தண்ணி நிக்காம கேட் பக்கம் வாட்டம். பளபளப்பு ஒரு பொட்டு கூட இருக்கக் கூடாது."

ஒரு பொட்டுகூடவா என்று கேட்க வந்த நாக்கைச் சலூன்காரர் கடித்துக்கொண்டார்.

கொத்தனார் வந்தார். கிரீம் கலர் டைல்ஸ் உடைகிற சத்தம் கேட்காமலிருக்க அன்று சலூனில் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள். வண்டியை முற்றத்துக்குத் தள்ளிப் போர்வையால் மூடியாயிற்று. அடுத்த நாள் காலையில் கலவை போட்டு, மட்டம் பார்த்து, கேட் பக்கம் வாட்டம் இறக்கி, விளக்குமாற்றால் கோடு இழுத்து முடித்தார் கொத்தனார். வாசலில் குறுக்கே ஒரு பலகையைச் சாத்தினார்.

"நாளைக்கு வரைக்கும் எறும்பு கூட உள்ள நடக்கக் கூடாதும்மா. என் வேலையில இதுவரைக்கும் ஒருத்தன் கொற சொன்னதில்ல" என்று டீச்சரிடம் எச்சரித்துவிட்டு, நேராகச் சலூனுக்குப் போய் ஷேவிங்குக்கு உட்கார்ந்தார்.

பாதி முகம் ஷேவ் ஆகியிருக்கும், மீதிப் பாதியில் நுரை. மழை பிடித்துக்கொண்டது. தூறல் கீறல் என்ற முன்னறிவிப்பெல்லாம் கிடையாது, ஒரேயடியாகக் கொட்டிற்று. சாரல் ஷெட்டுக்குள் அடித்தால் சிமெண்ட் கரைந்துவிடும் என்று கொத்தனார் துள்ளி எழுந்தார். கழுத்தில் கட்டிய துணியோடு அவர் முன்னால் ஓட, கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு சலூன்காரர் பின்னால் ஓடினார்.

முற்றத்தில் வெறும் போர்வை கிடந்தது. வண்டியைக் காணோம். பலகை ஒரு பக்கம் குப்புற விழுந்திருந்தது.

ஷெட்டுக்கு நட்டநடுவில் ஸ்கூட்டர் நின்றது. வாசலிலிருந்து அதுவரை ஈரச் சிமெண்டில் டயர் தடம் விரல் ஆழத்துக்கு உழுதிருந்தது. வண்டி மேல் டீச்சர், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. இடது காலை ஊன்றிய இடம் ஒரு குழி. வலது காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி தூக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா! என் தரை!" என்று நுரை வாயோடு அலறினார் கொத்தனார்.

"நான் வேணும்னு பண்ணலங்க!" என்று டீச்சரும் அலறினார். "மழை கொட்டுது, போர்வ பறந்து போச்சு, வண்டி நனையுதேன்னு எடுத்துட்டு வந்துட்டேன். பலகைய வேற காலால தள்ளிட்டேன். உள்ள வந்தப்புறம்தான் ஐயையோ சிமெண்டுன்னு ஞாபகம் வந்துது. இப்ப எறங்கவும் முடியல."

சலூன்காரர் தடத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "தள்ளிக்கிட்டு வந்தியா?"

"இந்த மழையில யாரு தள்ளிக்கிட்டு இருக்கிறது? ஸ்டார்ட் பண்ணி ஓட்டிட்டு..."

டீச்சர் கைப்பிடியில் இருந்த தன் கைகளைக் குனிந்து பார்த்தார். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் மெல்ல மாறி, சின்னப் பெண்ணைப் போல வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் வண்டி ஆடியது. தூக்கி வைத்திருந்த வலது காலையும் தொப்பென்று சிமெண்டில் ஊன்றினார். அங்கேயும் ஒரு குழி.

கொத்தனார் பொறுக்க முடியாமல் வாசலோரம் வைத்திருந்த கொத்துக்கரண்டியை எடுத்தார். "ஒண்ணும் கெட்டுப் போகல. இறங்குங்கம்மா, காயறதுக்குள்ள ஒரு பூசு பூசிடறேன், தடமே தெரியாது."

"அந்தத் தடத்துல கை வெச்சீங்க," என்றார் சலூன்காரர், "மீதிப் பாதி ஷேவ நீங்களே பண்ணிக்க வேண்டியதுதான்."

கொத்தனார் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கரண்டி கீழே இறங்கியது.

"ஏங்க, நீங்க ஏன் அழறீங்க?" என்றார் டீச்சர். "தரை போச்சேன்னா?"

"போகலையே" என்றார் சலூன்காரர், மழையையும் கண்ணீரையும் ஒரே கையால் வழித்துவிட்டு. "ரொம்ப நல்லா வந்திருக்கு டீச்சர்."

சொல்லிவிட்டு, டீச்சருக்குக் கைகொடுத்து இறக்குவதற்காக, அந்த ஈரச் சிமெண்டுக்குள் அவரும் கால் வைத்து நடந்தார்.